மாற்று உரிமம்

ஓட்டுநர் உரிமம் தொலைந்துபோனால் நேரே லைசென்ஸ் ஆபீசுக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. முதலில் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். தொலைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதன் நகல் இரண்டு, புதிய புகைப்படம் மூன்று, பழைய உரிமத்தின் எண். எண் தெரியாவிட்டால் பழைய பதிவேட்டில் தேட அரை நாள் கூடுதலாகப் போகும். பாப்பாவுக்கு எண் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாத நிலை.

நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னீர்கள், ஐயா. எழுதுகிறேன். என் கையெழுத்து பொடியாகத்தான் இருக்கும். லென்ஸ் உறைகளின் மூலையில் எண் எழுதி எழுதி வந்த பழக்கம்.

பாப்பா என் தங்கை. வயது நாற்பத்தேழு. அந்த வயதில் ஒருத்தியைப் பாப்பா என்று கூப்பிடுவது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அவளுக்கும் அது பிடிக்காது. அவள் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து “பாப்பா இருக்காளா?” என்று ஒரு முறை கேட்டேன். “இது குழந்தைங்க ஸ்கூல் இல்லீங்க” என்று வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு வயது ஐம்பத்தெட்டு. அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு, எனக்குப் பதினேழு. அப்பா அதற்கு முன்பே இல்லை. நான் படிப்பை விட்டுவிட்டு ஒரு கண்ணாடிக் கடையின் பின்கட்டில் லென்ஸ் தேய்க்கும் வேலையில் சேர்ந்தேன். இன்றைக்கும் அதே கடை, அதே பின்கட்டு.

எட்டு வயதில் அவளுக்குக் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. முதல் கண்ணாடியை நானே தேய்த்து, நானே பிரேமில் மாட்டி, நானே அவள் காதில் வைத்தேன். கடை வாசலில் நின்று தெருமுனையைப் பார்த்தாள். அங்கே ஒரு பலகை இருந்தது. அதைப் படித்துவிட்டு, “அண்ணா, அதுல எழுத்துப் பிழை இருக்கு” என்றாள். இரண்டு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் பள்ளிக்கூட வண்டிக்கு நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து போன வருடம்வரை அவள் போட்ட ஒவ்வொரு கண்ணாடியும் என் கைப்பட வந்தது. அவள் உலகத்தைப் பார்த்ததே என் வழியாகத்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இடையில் கல்யாணம் ஆயிற்று. நான்தான் செய்துவைத்தேன். நான்கு வருடம் கழித்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். மாப்பிள்ளைக்கு நான் எழுதிய இரண்டு கடிதங்களைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. அதனால் அதை எழுதவில்லை. வந்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். மூன்று வருடத்தில் அதே ஸ்கூலில் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தாள். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அது பற்றி வருத்தம் ஒன்றும் இல்லை.

என் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். பின்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு சந்து உண்டு. கடை முன்னால் இருப்பவர்கள் கண் எண் எழுதிய சீட்டையும் பிரேமையும் ஒரு தட்டில் வைத்து அந்தச் சந்து வழியாகத் தள்ளுவார்கள். முடித்ததும் நான் திருப்பித் தள்ளுவேன். தேய்க்கும் இயந்திரம் நாள் முழுவதும் ஓடும். யார் வந்து பேசினாலும் காதில் விழாது. அதனால் யாரும் வருவதில்லை. ஒரு நாள், காலையிலிருந்து எத்தனை வார்த்தை பேசுகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அதில் இரண்டு, கால் இடித்துக்கொண்டபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

ஆனால் ஏழு மணிக்குப் பாப்பா வருவாள். சாவியை மேஜைமேல் போடுவாள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கதை ஆரம்பித்துவிடும். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டியிடம் மன்னிப்புக் கேட்கிற அறுபது வயது அம்மாள். பச்சை விளக்கைப் பார்த்தால் பயந்து பிரேக்கை மிதிக்கிற வங்கி அதிகாரி. “சிவப்புல ஜம்முனு போறாரு அண்ணா. கேட்டா, சிவப்புல யாரும் குறுக்க வரமாட்டாங்கல்ல, தைரியமா இருக்குங்கறாரு.” நான் சாப்பாட்டை எடுத்துவைத்துக்கொண்டே கேட்பேன். பதில் சொல்ல வேண்டியதில்லை. ‘ம்’ போட்டால் போதும். பத்தொன்பது வருடம் அப்படி ‘ம்’ போட்டிருக்கிறேன்.

போன வருடம் ஒரு சாயங்காலம், சாவியை மேஜைமேல் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணா, ஒரு விஷயம். மாஸ்டர் புதுசா ஒரு கிளை திறக்கிறார். என்னையே பொறுப்பா நின்னு நடத்தச் சொல்றார்.” மாஸ்டர் என்பது அந்த ஸ்கூல் முதலாளி.

“எங்கே?”

ஊர் பெயரைச் சொன்னாள். ரயிலில் ஏழு மணி நேரம்.

“எப்போ?”

“ரெண்டு மாசத்துல. என் லைசென்ஸ், பயிற்சியாளர் அனுமதி ரெண்டையும் அந்த ஊர் ஆபீசுக்கு மாத்தணும். அசலைக் கொண்டுவரச் சொல்வாங்களாம்.”

“சந்தோஷம்” என்றேன். சாப்பாட்டை எடுத்துவைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு மாணவி வீட்டுக்குப் போயிருந்தாள். வர ஒன்பதாகும் என்று சொல்லியிருந்தாள். அவள் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று ஒத்திகை பார்க்க நினைத்தேன். ஏழு மணிக்கு மேஜைமுன் உட்கார்ந்தேன். இரண்டு தட்டு வைத்தேன்; பிறகு ஒன்றை எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் இருந்தால் அது தட்டு மாதிரி இல்லை, யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி இருந்தது. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அது என்னிடம் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. நான் ‘ம்’ என்றேன். ‘ம்’ என்று சொன்னது காதில் விழுந்ததும் எழுந்து கை கழுவிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவள் குளிக்கும்போது, கைப்பையின் பக்கவாட்டு அறையிலிருந்து லைசென்ஸை எடுத்தேன். பறித்தேன், திருடினேன் என்று நீங்கள் எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த நேரத்தில் அது எடுத்ததுபோலத்தான் இருந்தது. ஒரு லென்ஸ் உறையில் போட்டு, கடையில் என் இழுப்பறைக்குக் கொண்டுபோய்விட்டேன். கிழித்துப்போட மனம் வரவில்லை. அதில் அவள் புகைப்படம் இருந்தது. மதியம் சாப்பிடும்போது சில நாள் எடுத்துப் பார்ப்பேன். நீங்கள் அதை அங்கேதான் கண்டெடுத்திருப்பீர்கள்.

நான்கு நாள் வீட்டைப் புரட்டிப் போட்டோம். நானும் கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். அலமாரியை நகர்த்தினேன். அவள் லீவு போட்டிருந்ததால் நானும் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். தேடிக் களைத்துப்போய் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து டீ குடிப்போம். பழைய பள்ளிக்கூட நோட்டு, அம்மாவின் சீப்பு, காணாமல் போயிருந்த கத்தரிக்கோல் எல்லாம் கிடைத்தன. “லைசென்ஸைத் தவிர எல்லாம் கிடைச்சிருச்சு” என்றாள். அந்த நான்கு நாளை இப்போது நினைத்தாலும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஐந்தாம் நாள் காவல் நிலையத்துக்குப் போனோம். இந்த நிலையம் இல்லை, எங்கள் வீட்டுப் பக்கம் இருப்பது. எழுதிக்கொண்ட காவலர், “எங்கேம்மா தொலைச்சீங்க?” என்று கேட்டார்.

“எங்கேன்னு தெரிஞ்சா அங்கேயே போய் எடுத்துக்க மாட்டேனா சார்?” என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். ‘இடம் தெரியவில்லை’ என்று எழுதினார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

லைசென்ஸ் ஆபீசில் டோக்கன் எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள், எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்துப் போல்ட் போட்டிருந்தார்கள். அவள் காலை ஆட்டினால் என் நாற்காலியும் ஆடியது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். மூன்றாம் கவுண்டரில் இருந்த அம்மாள் படிவத்தை வாங்கி, பிறந்த தேதியை விரலால் தடவிப் பார்த்தார்.

“நாப்பத்தஞ்சு தாண்டியாச்சு. மாற்று லைசென்ஸ்னாலும் கண் பரிசோதனை உண்டு. அடுத்த செவ்வாய் வாங்க.”

இது எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. எனக்கு ஒரு மாதம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் இருந்தது. கவுண்டர் அம்மாள் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் என் யோசனை அந்தப் பக்கமே போயிருக்காது. குறை சொல்லவில்லை, அவர் தம் வேலையைச் செய்தார்.

பாப்பாவுக்குக் கிட்டப்பார்வையோடு, கடையில் சிலிண்டர் பவர் என்று சொல்கிற உருளைப் பார்வைக் குறையும் உண்டு. அதற்கான லென்ஸுக்கு எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது முக்கியம். கோணம் மாறினால் எழுத்துகளின் ஓரம் கரையும், தலை வலிக்கும். அவளுடையது வட்ட பிரேம். சதுர பிரேமில் லென்ஸ் அசையாது. வட்டத்தில், திருகைத் தளர்த்தினால் விரல் நுனியால் சுழற்றிவிடலாம்.

“பிரேம் லூசா இருக்கு, குடு, முடுக்கித் தர்றேன்” என்றேன். கொடுத்தாள். இருபது டிகிரி. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. நகக்கண் அளவு நகர்வு, அவ்வளவுதான்.

போட்டுக்கொண்டு, “ஏதோ மாதிரி இருக்கே” என்றாள்.

“முடுக்கினேன்ல. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும்.”

சரி என்றாள். நான் சொன்னால் அவள் மறுகேள்வி கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை பரிசோதகர் பலகையில் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். நான்காம் வரியில் தடுமாறினாள். ஐந்தாம் வரியில் ஊகித்துச் சொன்னாள். ஆறாம் வரி வந்ததும் பலகையைப் பார்க்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சின்ன வயதில் மனப்பாடப் பாட்டு பாதியில் மறந்துபோனால் அப்படித்தான் பார்ப்பாள், நான் அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பேன் என்று. நான் தரையைப் பார்த்தேன்.

தோற்றால் மறுபடியும் வர மூன்று மாதம் ஆக வேண்டும் என்பது விதி. அதுவரை வண்டியைத் தொட முடியாது. மாஸ்டர் நல்ல மனிதர். அவளை மேஜையில் உட்காரவைத்து, போன் எடுக்கச் சொன்னார். புதிய கிளையைத் தள்ளிவைத்தார். அவள் இப்போது ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிடுவாள். கதைகள் குறைந்துவிட்டன. போன் எடுப்பதில் என்ன கதை இருக்கும்? ஆனால் வீட்டில் இருந்தாள்.

எங்கள் கடையில் கண் பரிசோதிக்கும் பெண் அவளுக்கு மறுபடியும் எண் பார்த்தாள். சரியாகத்தான் எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டு சந்து வழியாக என்னிடம் வந்தது. நான் லென்ஸ் போட்டேன். சீட்டில் இருந்தபடி போடவில்லை.

“டெஸ்ட் பண்ணும்போது பளிச்சுனு தெரிஞ்சுது அண்ணா. இதைப் போட்டா தெரியலையே.”

“புதுக் கண்ணாடி பழகணும் பாப்பா.”

“எத்தனை நாள்?”

“வயசாகுதுல்ல. கொஞ்சம் கூடத்தான் ஆகும்.”

வயது என்று சொன்னதும் நிலைக்கண்ணாடிமுன் போய் நின்று கொஞ்ச நேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோணம் தவறிய கண்ணாடி போட்டு அவளுக்குக் கண் சிவந்து, அரிப்பு எடுத்தது. எனக்கு முந்தைய வருடம் கண் புரை அறுவை நடந்திருந்தது. அப்போது கொடுத்த சொட்டு மருந்து வீட்டில் மிச்சம் இருந்தது. அந்தச் சிவப்புக்கு அது கேட்கும். முதல் பத்து நாள் நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். நீங்கள் நம்பாவிட்டாலும் அது அப்படித்தான்.

அறுவை செய்த டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார்: நான்கு வாரத்துக்கு மேல் ஒரு சொட்டுக்கூடப் போடக் கூடாது, சிலருக்குக் கண்ணில் அழுத்தம் ஏறும், வலியே தெரியாது, உள்ளே நரம்பு செத்துப்போகும், போனது வராது. அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. எனக்கு ஞாபகசக்தி நன்றாகவே இருக்கிறது.

பத்து நாளில் சிவப்பு போய்விட்டது. ஆனால் அதற்குள் ஒரு பழக்கம் வந்திருந்தது. ஏழு மணிக்கு நாற்காலியில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்குவாள். நான் இமையை விரலால் மெல்ல இழுத்து, சொட்டு விடுவேன். ஒன்று இதில், ஒன்று அதில். பிறகு இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருப்பாள். பேச மாட்டாள். நான் பக்கத்தில் நிற்பேன். ஐயா, உங்களுக்குக் குடும்பம் இருக்கும். அதனால் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு மனுஷி தன் முகத்தை முழுதாக என் கையில் கொடுத்திருந்தாள். நாள் முழுவதும் சந்து வழியாக வரும் தட்டுகளை மட்டும் பார்க்கிறவனுக்கு அது என்ன என்று எப்படிச் சொல்வேன்?

“இன்னும் போடணுமா அண்ணா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“போட்டா நல்லது” என்றேன்.

மருந்து தீர்ந்ததும் என் பழைய சீட்டைக் காட்டி வாங்கினேன். ஒரே கடையில் வாங்கவில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தில் என் பெயர் இருந்ததால் அதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துவிட்டேன். அப்படி எட்டு மாதம் ஆயிற்று.

இரண்டாவது பரிசோதனையிலும் தேறவில்லை. அந்த வாரம் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, கோச்சுக்காதே. ஒரே ஒரு தடவை வேற கடைல கண்ணாடி போட்டுப் பார்க்கட்டுமா? உன் வேலையைக் குறை சொல்லலை. மனசு கேக்கலை, அதான்.”

நாற்பது வருடத்தில் அவள் இன்னொருவன் தேய்த்த கண்ணாடியைப் போட்டதில்லை. “உன் இஷ்டம்” என்றேன். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவளாக வந்து சமாதானம் செய்தாள். சமாதானமாகி, நாற்காலியில் சாய்ந்து, முகத்தைத் தூக்கினாள். நான் சொட்டு விட்டேன்.

புதுக் கண்ணாடியில் எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. குதித்துக்கொண்டு வந்தாள். “பாரு, ஒண்ணுமில்லை எனக்கு. கண்ணாடிதான் சரியில்லாம இருந்திருக்கு. உன்மேல தப்பில்ல, மிஷின் பழசாயிருக்கும்.” ஆனால் வந்த வேகத்தில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அதற்கு முன்பும் இடித்திருக்கிறாள். மேஜை ஓரத்தில் டீ வைத்தால் கை பட்டுக் கவிழும். நான் பக்கவாட்டிலிருந்து வந்தால் திடுக்கிடுவாள். “பூனை மாதிரி வராதே” என்பாள். எனக்கு அது என்னவென்று புரிந்திருந்தது. பார்வையில் ஓரங்கள்தான் முதலில் போகும்.

இரண்டு முறை தோற்றவர்களுக்கு ஆறு மாதம் கழித்து மூன்றாவது முறை பெரிய பரிசோதனை. அதுவும் அவள் பிறருக்குக் கற்றுக்கொடுப்பவள். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று படித்தாள். பரிசோதகர் தலையாட்டினார். அவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். பிறகு பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஓர் இயந்திரம். தாடையை வைத்து, நடுவில் இருக்கும் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றி எங்காவது சின்னதாக வெளிச்சம் மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் இயந்திரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டது. அவளுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, நான் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பது வரை எண்ணினேன். பொத்தான் ஒரு முறைகூட அழுந்தவில்லை.

அவள் முதுகை நேராக வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகப் புள்ளியையே பார்த்துக்கொண்டு, “இன்னும் ஆரம்பிக்கலையா சார்?” என்று கேட்டாள்.

அந்த மனிதர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “பாதி முடிஞ்சிருச்சும்மா” என்றார்.

அன்றே கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். கண் அழுத்தத்தை மூன்று முறை அளந்தார், தாம் அளந்ததைத் தாமே நம்பாததுபோல. நரம்பு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது என்றார். நடுவில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது; அதைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம்; போனது வராது. ஒரு வருடம் முன்பு என் டாக்டர் சொன்ன அதே வார்த்தை.

“கண்ணுக்கு ஏதாவது மருந்து போடறீங்களா?”

பாப்பா கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல பேரே இல்லையே?” என்றார். அதைத் தனியாக எடுத்துவைத்தார். பையில் கடைச் சீட்டோடு பழைய கண்ணாடியும் இருந்தது. அதை வாங்கி, கருவியில் வைத்துப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார்.

“இதைப் போட்டது யாரு? சீட்டுல ஒண்ணு இருக்கு, கண்ணாடில ஒண்ணு இருக்கு.”

“எங்க அண்ணன் போட்டது டாக்டர். தப்பா போட மாட்டார். நாப்பது வருஷமா இதே வேலைதான்.”

“அதனாலதான் கேக்கறேன்” என்றார் டாக்டரம்மா.

நான் பாப்பாவுக்கு வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கழுத்தை மட்டும் திருப்பினாள், நான் அகப்படவில்லை. பிறகு உடம்பை முழுதாகத் திருப்பி, என் முகத்தைத் தேடிப் பிடித்தாள். கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். அந்தச் சின்னக் குழாய்க்குள் நான் மட்டும் இருந்தேன்.

அன்று முதல் அவள் மாஸ்டர் வீட்டில் இருக்கிறாள், மாஸ்டர் மனைவி பார்த்துக்கொள்கிறார் என்று நீங்கள் சொன்னீர்கள். என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றும் சொன்னீர்கள். புகாரில் அவள் கையெழுத்தைக் காட்டினீர்கள். அது கோட்டுக்கு வெளியே, தாளின் ஓரத்தைத் தாண்டி ஓடியிருக்கிறது. யாரோ கையைப் பிடித்துப் போடவைத்திருக்க வேண்டும். தானாகப் போட்டிருக்க மாட்டாள். எனக்கு அவளைத் தெரியும்.

இதெல்லாம் எழுதி முடித்த பிறகு நீங்கள் ஒன்று கேட்டீர்கள். “தனியா இருக்கப் பயம்னா, தங்கச்சிகூடவே நீங்களும் போயிருக்கலாமே?”

கூப்பிட்டாள், ஐயா. புதிய கிளையைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே கூப்பிட்டாள். “ரெண்டு ரூம் இருக்கிற வீடா பார்க்கச் சொல்லியிருக்கேன் அண்ணா. கீழ் வீடு, உன் முழங்காலுக்கு மாடி ஆகாது. அந்த ஊர்ல கண்ணாடிக் கடை இல்லாமலா போயிரும்? நீ வராம நான் போகலை” என்றாள். பார்க்கலாம் என்று சொன்னேன். இரண்டு நாள் யோசித்தும் பார்த்தேன். அங்கே வீட்டுச் சாவி அவள் கையில் இருக்கும். வீடு அவள் பெயரில் இருக்கும். வருகிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள், என்னை அவள் அண்ணன் என்று சொல்லி அறிமுகம் செய்துவைப்பாள். இங்கே அப்படி இல்லை. இங்கே அவள் என் வீட்டில் இருந்தாள்.

இதை நான் மறைக்க நினைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை.

ஆகவே, லைசென்ஸை எடுத்தது நான். கண்ணாடியின் கோணத்தை மாற்றியது நான். என்ன ஆகும் என்று தெரிந்தே எட்டு மாதம் அந்த மருந்தைப் போட்டதும் நான். யாரும் மிரட்டி இதை எழுதவைக்கவில்லை. இந்த மூன்றைத் தவிர, நாற்பத்தொரு வருடத்தில் நான் அவளுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை.